நசுங்கிய காருக்குள் பாடிய கேசட்

எண்பதுகளின் தொடக்கத்தில், மழைக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் பழைய சாலையில் நடந்தது இது. அப்போது நான் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். வீடு கிள்ளானில். அதே தொழிற்சாலையில் டெக்னீஷியனாக இருந்தவன் என் நண்பன். அவனுடைய அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவர்கள் குடியிருந்தார்கள். அவன் வீட்டுக்கு ஒரே பிள்ளை.

அவனுக்கு ராக் பாட்டு என்றால் உயிர். எங்கள் வயதுப் பையன்கள் தமிழ்ப்படப் பாட்டுக்கு உருகிக்கொண்டிருந்த காலத்தில், இவன் தோள்வரை முடி வளர்த்துக்கொண்டு, சம்பளம் வந்த அன்றைக்கே இசைத்தட்டுக் கடையில் போய் நிற்பான். அதிலும் ஒரு ஆல்பம் இருந்தது. எழுபதுகளில் வந்தது. உலகம் முழுக்கத் தெரிந்த ஆல்பம்தான், பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அந்தப் பெயரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. அதனால் "அந்த ஆல்பம்" என்றே சொல்லிவிடுகிறேன்.

இசைத்தட்டு அவனிடம் இருந்தது. போதாது என்று பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் அதன் கேசட்டையும் வாங்கினான். காரணம், மூன்று பேர் கை மாறி வந்த ஒரு பழைய காரை அவன் வாங்கியிருந்தான். அதில் புதிதாக ஒரு கேசட் பிளேயர் பொருத்தியிருந்தான். ஒரு பக்கம் முடிந்தால் அதுவாகவே மறுபக்கத்துக்கு மாறிக்கொள்ளும் பிளேயர். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். தொழிற்சாலையில் ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் கூட்டிப்போய்க் காட்டினான்.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை. "மச்சான், இன்னிக்கு பஸ்ல போகாதே. நானே உன்னை வீட்டுல கொண்டு விடுறேன். வீட்டுல உக்காந்து கேக்கறது வேற, ஓடுற காடியில கேக்கறது வேற லா. முழுசா ஒரு தடவை கேட்டுப் பாரு" என்றான்.

முதலில் அவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டோம். அவன் அம்மாவை நான் ஆன்டி என்றுதான் கூப்பிடுவேன். மீன் குழம்பு வைத்திருந்தார். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள், இவன் வெளியே போய்க் காரில் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டான். குவார்ட்டர்ஸ் வரிசையே அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஆன்டி கரண்டியோடு வாசலுக்கு வந்து, "டேய், அந்தக் காட்டுக் கத்தலை அடைச்சுத் தொலைடா! மனுஷன் கேக்கற பாட்டாடா இது?" என்று கத்தினார். நான் கை கழுவிவிட்டு வந்து ஏறியதும், அவன் சிரித்துக்கொண்டே கையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான். அம்மாவும் மகனும் தினமும் போடுகிற சண்டைதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பழைய கிள்ளான் சாலையில் மழை பிடித்துக்கொண்டது. அவன் மெதுவாகத்தான் ஓட்டினான். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டு, "இப்ப கேளு, இப்ப வரும் பாரு" என்று ஒவ்வொரு இடமாக எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு அந்தச் சங்கீதம் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அவனுடைய சந்தோஷம் மட்டும் நன்றாகப் புரிந்தது.

எதிரே ஒரு மணல் லோரி வந்தது. அதன் முன்டயர் வெடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த கணம் லோரியின் முகம் சுவர் மாதிரி எங்கள் முன்னால் நின்றது. அவன் இடதுபக்கம் ஒடித்தான். அவ்வளவுதான் தெரியும்.

கண்ணைத் திறந்தபோது கார் சாலையோரச் சாக்கடையில் சாய்ந்து கிடந்தது. லோரி அவன் பக்கத்தை அப்படியே நசுக்கிக்கொண்டு நின்றது. உடைந்த கண்ணாடி வழியாக ஈர மணல் சரிந்து எங்கள் மடியில் விழுந்துகொண்டிருந்தது. என் இடது கால் முன்பலகைக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அசைக்க முடியவில்லை. அவனுக்கோ இடுப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. ஸ்டியரிங் அவன் நெஞ்சோடு ஒட்டியிருந்தது.

எஞ்சின் நின்றுவிட்டது. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

உயிரோடுதான் இருந்தான். என் பக்கம் தலையைத் திருப்பி, "உனக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டான். நான் கால் மாட்டிக்கொண்டதைச் சொன்னேன். "எனக்குக் கால் இருக்கிற மாதிரியே தெரியல லா" என்றான். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு என்னிடம் அதிகம் பேசவில்லை. மூச்சு வாங்க மிகவும் சிரமப்பட்டான்.

ஆட்கள் ஓடிவந்தார்கள். லோரி டிரைவர் நம் தமிழ் ஆள்தான். நெற்றியில் ரத்தத்தோடு சாலையில் உட்கார்ந்து, "டயர் போச்சு ஐயா, டயர் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்துக் கம்பத்து வீடுகளிலிருந்து சிலர் கடப்பாரையோடு வந்து கதவை நெம்பிப் பார்த்தார்கள். கதவு அசையவில்லை. லோரியை நகர்த்தினால் கார் மொத்தமாக நசுங்கிவிடும் என்று ஒருவர் கத்தினார். பொம்பா வண்டிக்குச் சொல்லிவிட்டதாகவும், தீயணைப்புக்காரர்கள் வந்து அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்றும் பேசிக்கொண்டார்கள். அதுவரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அந்தக் கூட்டத்தில் சாரோங் கட்டிய ஒரு மலாய்க்காரர் இருந்தார். நடுத்தர வயது. அவர் ஒரு குடையைக் கொண்டுவந்து, முன்கண்ணாடி இருந்த இடத்தில் எங்கள் இருவர் தலைக்கும் மேலே பிடித்தார். அவர் முதுகு முழுக்க மழையில் நனைந்தது. உள்ளே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. எங்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்திருப்பார். கையை உள்ளே நீட்டி பிளேயரை நிறுத்தப் போனார்.

"ஜாங்ஙான்" என்றான் என் நண்பன். மலாயில் "வேண்டாம்" என்று அர்த்தம்.

அந்த மனிதர் அவன் முகத்தைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டிவிட்டு, மறுபடியும் குடையைப் பிடித்தபடி நின்றார்.

அவன் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

முதல் பக்கம் முடிந்து கேசட் அதுவாகவே மறுபக்கத்துக்கு மாறியது. அந்தப் பக்கத்தில் மெதுவாக ஆரம்பிக்கிற ஒரு பாட்டு இருக்கிறது. நீளமான பாட்டு. அது ஓடிக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டில் அவன் பிடி இறுகியது. நகம் பதிந்து ரத்தம் வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பாட்டு முடியவில்லை. அவன் கண் திறந்திருந்தது. நான் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். குடை பிடித்திருந்தவர் கண்ணை மூடி, மெல்லிய குரலில் பிரார்த்தனை சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பொம்பாக்காரர்கள் வந்து, தீப்பிடித்துவிடக் கூடாது என்று முதலில் பேட்டரி வயரைத்தான் வெட்டினார்கள். அப்போது அடுத்த பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அது பாதியில் நின்றது. அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. பைத்தியம் மாதிரி அலறினேன் என்று பிறகு சொன்னார்கள். குடை பிடித்த அந்த மனிதரை நான் பிறகு பார்க்கவே இல்லை. பெயர்கூடக் கேட்கவில்லை.

இறுதிச்சடங்குக்கு நான் போகவில்லை. காலில் மாவுக்கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். என்னைப் பார்க்க வந்தவர்கள் சொல்லித்தான் அங்கே நடந்த பேச்செல்லாம் தெரியும். "தலைமுடியும் அவனும், கஞ்சா அடிச்சிருப்பான்." "அந்தப் பேய்ப்பாட்டுச் சத்தத்துல லோரிக்காரன் ஹாரன் அடிச்சது கேட்டிருக்காது." செத்தவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டே இதையெல்லாம் பேசியிருக்கிறார்கள். அவனுடைய அப்பா அதை நம்பிவிட்டார். காரியம் முடிந்த கையோடு, மகனுடைய இசைத்தட்டுகளையும் சுவரில் ஒட்டியிருந்த படங்களையும் கோணியில் அள்ளிப் போட்டுக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார். "இதுதான் என் புள்ளையக் கொன்னுச்சு" என்று ரோட்டில் நின்று கத்தினாராம்.

நான் வீட்டுக்கு வந்த சில வாரங்களில், ஒரு காலை நேரம், ஆன்டி கிள்ளானுக்குத் தனியாக பஸ் ஏறி வந்துவிட்டார். ஆளே பாதியாகியிருந்தார். என் அம்மா கொடுத்த காப்பியைத் தொடவில்லை.

"தம்பி, அந்தக் காடி எங்க கிடக்குதுன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

போலீஸ் பார்த்து முடித்த பிறகு, சாலையோரத்தில் ஒரு சீனர் வைத்திருந்த வெர்க்‌ஷாப்புக்கு அதை இழுத்துப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். சொன்னேன்.

"என்னைக் கூட்டிட்டுப் போ."

என் அம்மா பதறிப்போய், "அக்கா, அதைப் போய்ப் பாக்கணுமா? மனசு தாங்காதுக்கா. இவனாலயும் நடக்க முடியல" என்றார்.

"நான் பாக்கலேன்னா வேற யாரு பாக்கறது?" என்றார் ஆன்டி. டாக்சி பிடித்தோம். அந்த இடத்தைக் கடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஆன்டி ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு, "இங்கயா? இங்கயா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

வெர்க்‌ஷாப் முதலாளியான அந்தச் சீனத் தவுக்கே வயதானவர். ஆன்டி யார் என்று நான் மலாயில் சொன்னதும் அவர் உடனே எங்களை உள்ளே விடவில்லை. "துங்கு ஸெகெஜாப்", கொஞ்சம் இருங்கள் என்று எங்களை நிற்க வைத்துவிட்டு, உள்ளே ஓடினார். ஒரு பெரிய கான்வாஸை எடுத்து டிரைவர் சீட்டு முழுவதையும் மூடினார். ஓரங்களைச் செருகிச் சரிபார்த்தார். பிறகுதான் கூப்பிட்டார். அந்த நேரத்தில் அதைச் செய்ய அவருக்குத் தோன்றியதே, அதை நான் இன்றும் நினைப்பேன்.

அவ்வளவு நேரம் கல் மாதிரி இருந்த ஆன்டி, காரைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். மகன் உட்கார்ந்திருந்த பக்கத்தில் கார் என்று சொல்ல ஒன்றுமே இல்லை. இன்னும் மணல் ஒட்டிக் காய்ந்து கிடந்தது.

"அந்தப் பாட்டு உள்ள இருக்கா?" என்று கேட்டார்.

கேசட் பிளேயரிலேயே இருந்தது. கரண்ட் இல்லாமல் வெளியே வரவில்லை. தவுக்கே ஒரு பேட்டரியைத் தூக்கி வந்து வயரைப் பொருத்தினார். கேசட்டை எடுப்பதற்காகத்தான் பொருத்தினார். ஆனால் வயர் பட்டதும் பாட்டு, நின்ற இடத்திலிருந்து, அதே சத்தத்தில் அலறியது.

ஊன்றுகோலை விட்டுவிட்டு நொண்டியபடி எண்ணெய் டிரம்முக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். வேலை செய்துகொண்டிருந்த ஆள் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தவுக்கே பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தப் போனார்.

"அடைக்க வேணாம்னு சொல்லு, தம்பி" என்றார் ஆன்டி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அங்கே என்ன சொன்னான் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை.

கதவில்லாத என் பக்கத்துச் சீட்டில், மணலைக்கூடத் தட்டாமல், ஆன்டி ஏறி உட்கார்ந்தார். "இந்தப் பாட்டுதானா?"

"இதுக்கு முந்தின பாட்டு, ஆன்டி."

"முதல்லேருந்து போடச் சொல்லு. எல்லாத்தையும் நான் கேக்கணும்."

தவுக்கே கேசட்டைப் பின்னால் ஓட்டி, முதல் பாட்டிலிருந்து வைத்தார். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார். எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். ஆன்டிக்கு பால் விடாத தே-ஓ ஒரு கிளாஸ் கொண்டுவந்து முன்பலகையில் வைத்தார். தன் ஆட்களிடம் சீனத்தில் ஏதோ சொன்னார். சுத்தியல் சத்தம் நின்றது. அந்தத் தகரக் கூரைக்கடியில், மத்தியான வெயிலில், ஒரு தாய் நசுங்கிய காருக்குள் உட்கார்ந்து தனக்கு ஒரு சொல்கூடப் புரியாத பாட்டைக் கேட்டார். எனக்கு எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது. காலை ஊன்ற முடியாது, ஊன்றுகோலும் எட்டவில்லை. உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது பாட்டோ மூன்றாவது பாட்டோ ஓடும்போது கேட்டார்.

"சத்தத்துல ஹாரன் கேக்கலேன்னு சொல்றாங்களே. உண்மையாடா?"

"இல்ல ஆன்டி. லோரி டயர் வெடிச்சது. எனக்கே நல்லாக் கேட்டுச்சு. அவன் மெதுவாத்தான் ஓட்டினான். பாட்டே இல்லாட்டியும் அந்த லோரி வந்திருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேசட் மறுபக்கம் மாறியது. அந்தப் பாட்டு ஆரம்பித்தது. இதுதான் என்று நான் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். கான்வாஸ் மூடிய சீட்டின் மேல் கையை வைத்தார்.

"கடைசியா அம்மான்னு கூப்பிட்டானாமே. அவன் சின்னம்மா சொல்லுச்சு. ஆஸ்பத்திரியில நீ சொன்னதா."

நான் அப்படி யாரிடமும் சொல்லவில்லை. துக்க வீட்டில் ஆறுதலுக்காக யாரோ இட்டுக்கட்டியது. அதை அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த அம்மா காலத்துக்கும் அதைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்துவிடுவார். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்தக் கதையை அவர் ஏற்கெனவே நம்பவில்லை என்று தெரிந்தது. உண்மையைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"இல்ல ஆன்டி. கூப்பிடல."

"வேற என்ன சொன்னான்?"

"ஒருத்தர் பாட்டை அடைக்கப் போனாரு. வேணாம்னு சொன்னான். அவ்வளவுதான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னைத் திட்டுவார், அல்லது உடைந்து அழுவார் என்று நினைத்தேன். மகன் சாகும் நேரத்தில் தன்னை நினைக்காமல் ஒரு பாட்டை நினைத்தான் என்பதை எந்தத் தாயால் தாங்க முடியும்?

"சின்னப் பிள்ளையில இடி இடிச்சா அம்மா. பல்லி விழுந்தா அம்மா. ராத்திரி ரயில் கூவினாலே ஓடி வந்து என் மடியில படுத்துக்குவான்" என்றார். குரல் நடுங்கவில்லை. "பயந்தா அவன் என்னைத்தான் கூப்பிடுவான், தம்பி. கூப்பிடலேன்னா, அப்ப என் புள்ள பயப்படல."

அப்போது அவர் கண் என் கையில் விழுந்தது. மணிக்கட்டில் நகம் பதிந்த புண்கள் காய்ந்து கறுத்திருந்தன. வரிசையாக இருந்ததால் பார்த்தாலே தெரியும். கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். அதற்குள் பிடித்துவிட்டார்.

"இது அவனா?"

"ஆமா, ஆன்டி."

விரலால் அந்தத் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அவர் சற்றுமுன் சொன்ன ஆறுதல் அங்கேயே உடைந்துபோகும் என்று நான் பயந்தேன்.

"வலிச்சிருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வலி வேற, பயம் வேற" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. மகன் பிடித்த அதே இடத்தைத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். கேசட் முழுவதும் ஓடி முடிகிறவரை விடவில்லை. அதன் பிறகுதான் அழுதார். அந்த அழுகையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

தவுக்கே பிளேயரையும் கழற்றித் துணியில் சுற்றிக் கொடுத்தார். ஆன்டி பிளேயரை வேண்டாமென்றார். கேசட்டை மட்டும் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வீட்டில் அது யாருக்கும் தெரியாது. அவனுடைய அப்பா வேலைக்குப் போன பிறகு, மகனுடைய சின்ன கேசட் ரேடியோவில் போட்டுக் கேட்பாராம். கால் ஓரளவு குணமான பிறகு, நான் அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிரிக்ஃபீல்ட்ஸ் போவேன். எனக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பாட்டை வைப்பார். ஆரம்பத்தில் எனக்கு அது சித்திரவதைதான். சாப்பாடு இறங்காது. வர வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அவருக்கு அந்தப் பாட்டை உட்கார்ந்து கேட்க என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. அதனால் போனேன்.

ஒரு தடவை, பாட்டின் அர்த்தத்தைத் தமிழில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அர்த்தமெல்லாம் வேணாம். அவன் கேட்ட மாதிரி கேட்டா போதும்" என்றார்.

இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. அவனுடைய அப்பா. ஷிப்ட் முடியும் முன்பே வந்துவிட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஆன்டி எழவில்லை. பாட்டை நிறுத்தவும் இல்லை. கணவரை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு இந்த ரேடியோ உடையப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் கதவருகே நின்றார். முகம் இறுகிப்போய் இருந்தது. பிறகு அப்படியே வாசற்படியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். ஒரு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கையில் பிடித்தபடியே இருந்துவிட்டார். பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின. யாரும் அசையவில்லை. அந்தப் பக்கம் முடிந்து ரேடியோ 'டக்' என்று நின்றது.

திரும்பாமலேயே கேட்டார், "அவன் குளிக்கும்போது விசில் அடிப்பானே, அது இதுல வரலியே?"

"அது அடுத்த பக்கம்" என்று சொல்லிவிட்டு, ஆன்டி எழுந்து போய்க் கேசட்டைத் திருப்பிப் போட்டார்.

அந்த மனிதர் வாசற்படியில் குலுங்கி அழுததை நான் பார்த்தேன். மகன் இறந்த அன்றும், எரித்த அன்றும் அவர் அழவில்லை என்று சொல்வார்கள். பாட்டுதான் மகனைக் கொன்றது என்று அவர் பிறகு எப்போதும் சொன்னதில்லை. ஆனால் குப்பை வண்டியில் ஏற்றிவிட்ட அந்த இசைத்தட்டுகளை நினைத்து உள்ளுக்குள் வெந்துகொண்டே இருந்தார். சில வருஷம்கூட ஓடவில்லை. நெஞ்சுவலியில் போய்விட்டார். குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டியிருந்தது. ஆன்டி டெங்கில் என்ற ஊர்ப் பக்கம் தன் அண்ணன் வீட்டோடு போய் இருந்தார். தூரம் அதிகம், எனக்கும் கல்யாணம், குழந்தைகள் என்றாகிவிட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை தீபாவளிக்குப் போய்ப் பார்ப்பேன். அந்த வீட்டுப் பிள்ளைகள், "எங்க அத்தை ராக் பாட்டு கேப்பாங்க தெரியுமா அங்கிள்?" என்று சொல்லிச் சிரிப்பார்கள். யாருக்கும் காரணம் தெரியாது. அவரும் சொல்லவில்லை. கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பிப்போய், என்னைப் பார்த்தால் யாரென்று தெரியாமல் விழிப்பார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் அவரும் போய்ச் சேர்ந்தார். நான் போய்த் தோள்கொடுத்தேன். மகன் இருந்து செய்ய வேண்டியது.

அதற்கு அடுத்த வருஷமோ என்னவோ, பெட்டாலிங் ஜெயாவில் ஒரு ஹோட்டலில் எங்கள் கம்பெனி விருந்து. மேடையில் ஒரு பாண்டு வாசித்துக்கொண்டிருந்தது. திடீரென்று அந்தப் பாட்டை ஆரம்பித்தார்கள். மெதுவாக ஆரம்பிக்கிற அந்த நீளமான பாட்டு. என் மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள். எல்லார் முகமும் மலர்ந்துவிட்டது. சீன மேனேஜர் ஒருவர், பள்ளி ஹாஸ்டலில் போர்வைக்குள் இந்த ஆல்பத்தைக் கேட்ட கதையைச் சொன்னார். மலாய் எஞ்சினியர் ஒருவர், இதை வாசிக்கவே கித்தார் கற்றுக்கொண்டேன் என்றார். இன்னொருவர் முதல் காதலியைப் பற்றிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார்.

"உனக்கு என்ன ஞாபகம் வருது?" என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

லோரி, மணல், குடை, கான்வாஸ். எதைச் சொல்வது? எல்லாரும் சந்தோஷமாக இருந்த இடம். வாயில் வந்தது இதுதான்: "என் நண்பனோட அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டு இது."

மேசையே சிரித்தது. "ஆன்டி கேக்கற பாட்டா இது?" என்று ஒருவர் என் தோளில் தட்டினார். நானும் சிரித்து வைத்தேன். மேசைக்கடியில் என் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் கவனித்தேன்.

இன்றும் அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும், எழுந்து போய்விட மனம் துடித்தாலும், முடிகிறவரை உட்கார்ந்துதான் கேட்கிறேன். அவனுக்கு அது முடிகிறவரை கேட்கக் கிடைக்கவில்லை, மிச்சத்தை அவனுடைய அம்மா அவனுக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார், இப்போது அதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை.